அப்பா நடித்த பேய்ப்படம்

அண்ணா பேய்ப்படம் எடுக்கப்போவதாகச் சொன்ன நாளில் நான் குசினியில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன்.

"பேய் வராது. வருமோ வருமோ எண்டு சனம் கடைசி வரைக்கும் பாத்துக்கொண்டே இருக்கவேணும்" என்றான்.

"அப்ப அது என்ன பேய்ப்படம்?"

"அதுதான் பேய்ப்படம். உனக்கு விளங்காது."

எனக்கு விளங்காது என்று அவன் சொல்லாத நாள் இல்லை. கிளிநொச்சியில் ஒரு வீடியோக் கடையில் வேலை செய்தான். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் தேர் எல்லாம் படம் பிடிப்பான். சண்டை நின்று பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து சாமான்கள் வரத் தொடங்கின. கடை முதலாளி புதுக் கமரா ஒன்று வாங்கினார். அதைக் கலியாணம் இல்லாத நாட்களில் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு, சைக்கிள் கரியரில் துணி சுற்றிக் கட்டி, அக்கராயனுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

படத்தின் கதையை எனக்கும் தங்கச்சிக்கும் விறாந்தையில் இருந்து சொன்னான். ஒரு பழைய வீடு. அதில் ஓர் அண்ணனும் தங்கச்சியும். தகப்பன் வெளிநாட்டில் இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. கதிரை இடம் மாறுகிறது. கடைசியில்தான் தெரியும், தகப்பன் எப்போதோ செத்துவிட்டார், பிள்ளைகள்தான் வளவுக்குள் புதைத்துவிட்டு மறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று.

தங்கச்சி கைதட்டினாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. தான்தான் கதாநாயகி என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. அது எங்கள் கதை. செத்தவரையும் இருப்பவரையும் மட்டும் தலைகீழாக மாற்றிப் போட்டிருந்தான்.

எங்கள் வீட்டில் அப்பா செத்துப்போனவர். ஊருக்கு அப்படித்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்த காலத்தில், கூலி வேலை ஏதாவது கிடைக்குமா பார்க்கிறேன் என்று அப்பா வவுனியாவுக்குப் போனார். திரும்பி வரவில்லை. அங்கே ஒரு பெண்ணோடு இருக்கிறார் என்று வந்தவர் போனவர் சொன்னார்கள். அம்மா கொஞ்ச நாள் அழுதா. பிறகு நாங்கள் அக்கராயனுக்கு வந்து, வெளிநாடு போன ஒருவரின் கல்வீட்டில் காவலுக்கு இருப்பதுபோலக் குடியேறினோம். புது இடம், புதுச் சனம். முதல் நாளே முன்வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டி, "மனுசன் எங்கை பிள்ளை?" என்று கேட்டா. அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "வாற வழியில காய்ச்சல் வந்து மோசம் போயிட்டார்" என்றா.

அன்று பின்னேரம் கிணற்றடியில் வைத்து என்னையும் அண்ணாவையும் பிடித்துக்கொண்டா. "புருசன் விட்டிட்டுப் போனவள் எண்டா ஆயிரம் கதை கேப்பினம். செத்திட்டார் எண்டா ஒரு கதையும் கேக்காயினம். விளங்குதோ?" தாலியைக் கழற்றி எங்கேயோ வைத்தா. பொட்டை அழித்தா. தங்கச்சி சின்னப்பிள்ளை, எங்காவது உளறிவிடுவாள் என்று அவளுக்கும் செத்துவிட்டார் என்றே சொல்லிவிட்டா. அவள் அதை நம்பி அழுதபோது நானும் அண்ணாவும் பக்கத்தில் இருந்து தேற்றினோம்.

ஒரு பொய்யோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மா ஒரு திதியையும் தானே தெரிந்தெடுத்தா. வருடா வருடம் திவசம் நடந்தது. ஐயர் வருவார், அண்ணா எள்ளும் தண்ணீரும் இறைப்பான், நான் விடிய எழும்பி வாழைக்காய் வெட்டி ஏழு கறி சமைப்பேன். அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலையும் போட்டோம். சமைத்துக்கொண்டிருக்கும்போது, இந்த மனுசன் இந்த நேரம் வவுனியாவில் என்ன சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைப்பு வரும். கறிச்சட்டியைத் தூக்கி எறியவேணும் போல இருக்கும். எறிந்ததில்லை.

சண்டைக்காலத்தில் பாதை பூட்டியிருந்ததால் அந்தப் பொய்க்கு ஆபத்து வரவில்லை. சமாதானம் வந்து கண்டி வீதி திறந்ததும்தான் அம்மாவுக்கு நித்திரை இல்லாமல் போனது. ஊரெல்லாம் பாதை திறந்த சந்தோசத்தில் யாழ்ப்பாணம் போகிறது, வவுனியா போகிறது, கொழும்பு போகிறது. எங்கள் அம்மா பஸ் சத்தம் கேட்டால் படலையைப் பார்ப்பா. அதோடு எனக்குக் கலியாணப் பேச்சுக்களும் வரத் தொடங்கியிருந்தன. ஒட்டுசுட்டானில் ஒரு பெடியன், நெல்வயல் உள்ள குடும்பம், தரகர் இரண்டு தரம் வந்து போய்விட்டார். தகப்பன் இல்லாத பிள்ளை என்று அவர்கள் இரக்கப்பட்டார்களாம்.

இந்த நேரத்தில்தான் அண்ணாவுக்குப் படம். அதுவும் எங்கள் வீட்டிலேயே, அப்பாவின் மாலை போட்ட படத்தையே வைத்து.

அண்ணாவைக் கிணற்றடியில் மறித்துக் கேட்டேன். "உனக்கு விசரோ? ஊர்ச்சனம் முழுக்கப் பாக்கப்போகுது. ஏன் இந்தக் கதை?"

"கதைதானே."

"ஆற்ற கதை?"

அவன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டான். "எள்ளுத் தண்ணி இறைச்சது நான். நீயில்லை" என்றான். அம்மாவிடம் போனேன். "அவன் என்னவோ செய்யட்டும். நாங்கள் மறிச்சாத்தான் ஆக்களுக்குச் சந்தேகம் வரும்" என்றா. இந்த வீட்டில் என் பேச்சை யாரும் ஒரு பொருட்டாக எடுத்ததே கிடையாது.

படப்பிடிப்பு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரவுக் காட்சிகளைப் பகலில்தான் எடுத்தான், ஏனென்றால் ஜெனரேற்றர் வாடகைக்கு எடுக்க வழியில்லை. ஜன்னல்களுக்கு யூரியாப் பைகளைக் கட்டி வீட்டை இருட்டாக்குவான். உள்ளே புழுக்கம் தாங்காது. நான் சமைக்க முடியாது, புகை கமராவுக்குள் போகுமாம். கூட்ட முடியாது, தூசி வேணுமாம். பல்லி கத்தினால் திரும்ப எடுக்கவேணும், வெளியே உழவு மெஷின் போனால் திரும்ப எடுக்கவேணும். தங்கச்சி ஒரு கதவைத் திறக்கிற காட்சியை ஒரு முழுப்பகல் எடுத்தான். அவள் கதவைத் திறக்கிறாள், நிற்கிறாள், கேட்கிறாள், அவ்வளவுதான்.

"இன்னும் மெதுவாத் திற."

"இதைவிட மெதுவாத் திறந்தா நித்திரை வந்திடும் அண்ணா" என்று அவளே சொன்னாள்.

கமரா வந்த செய்தி பரவி, வளவுக்குள் சனம் கூடத் தொடங்கியது. முன்வளவு மாமிதான் தலைமை. அவா தன் வீட்டுக் கதிரையைக் கொண்டுவந்து எங்கள் மாமரத்துக்குக் கீழே போட்டுக்கொள்ளுவா. வெற்றிலை போட்டபடி, "தம்பி, பேய் எப்ப வரும்?" என்று கேட்பா.

"வராது மாமி."

"பேய் வராட்டி என்னத்துக்கு இவ்வளவு பாடு? வெள்ளைச்சீலை உடுத்தி ஒண்டை நடக்க விடு. நான் சீலை தாறன்."

அண்ணா பல்லைக் கடிப்பான். அந்த ஒரு விடயத்தில் மட்டும் எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது.

கடைசிக் காட்சி மட்டும் மிச்சமிருந்தது. தங்கச்சி கதவைத் திறக்க, வாசலில் தகப்பனின் உருவம் நிற்கவேணும். அதற்கு வயதான ஓர் ஆள் தேவை. கிளிநொச்சியில் நாடகம் போடுகிற ஒருவரைப் பேசியிருப்பதாகவும், சனிக்கிழமை பகல் பஸ்ஸில் வருவார் என்றும் அண்ணா சொல்லியிருந்தான். அந்தச் சனிக்கிழமை வளவு நிறையச் சனம். நான் விறாந்தைக் கரையில் நின்றேன். தங்கச்சி உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள். அண்ணா கமராவை மேசையில் வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

படலை திறந்தது. கையில் ஒரு பையோடு ஒருவர் உள்ளே வந்தார். நரைத்த தலை, வெள்ளைச் சேட்டு, மடித்துக் கட்டிய சாரம். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற நடை. அந்த நடையை நான் எங்கே கண்டாலும் அடையாளம் பிடிப்பேன்.

மாமி கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "வழி விடுங்கோ, வழி விடுங்கோ, நடிகர் வந்திட்டார்!" பிறகு அவரின் முகத்தைப் பார்த்து வாயில் கைவைத்தா. "அம்மாளாச்சி! தம்பி, அச்சு அசல் கொப்பரின்ர படத்தில இருக்கிற மாதிரியே ஆளைப் பிடிச்சிருக்கிறாய். எங்கையிருந்தடா பிடிச்சனீ?"

சனம் சிரித்துக்கொண்டு விலகி வழி விட்டது. அப்பா ஒன்றும் விளங்காமல் நடு வளவில் நின்றார்.

அண்ணா கமராவில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்த நேரம் அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்தா. அப்பாவைக் கண்டா. ஒரு மூச்சு எடுத்து விடுகிற நேரம்தான் இருக்கும். பிறகு சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "வாங்கோ அண்ணை. பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்கினம். வந்து இருங்கோ" என்றா.

பதினெட்டு வயதில் கட்டி, மூன்று பிள்ளை பெற்ற மனுசனை, அண்ணை என்று கூப்பிட்டா. அப்பா அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். வெள்ளைச் சீலையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சனத்தைப் பார்த்துவிட்டு, "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

"பிள்ளை, ஐயாவுக்குத் தேத்தண்ணி குடு" என்றா அம்மா என்னைப் பார்த்து.

எத்தனையோ வருடமாக நான் இந்த மனுசனிடம் கேட்க வைத்திருந்த கேள்விகள் இருந்தன. கிணற்றடியில், வயலில், பாயில் படுத்திருந்து, சொல்லுக்குச் சொல் அடுக்கி வைத்திருந்தேன். இப்போது அவர் எங்கள் வீட்டு விறாந்தையில், கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறார். முன்னால் ஊரே நிற்கிறது. நான் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு, "ஐயா, சீனி காணுமோ?" என்று கேட்டேன்.

அவர் மெல்லச் சொன்னார். "உனக்குத் தெரியாதே பிள்ளை?"

எனக்குத் தெரியும். நான்கு கரண்டி. கை தன்பாட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. அதை நினைத்து எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் தேத்தண்ணியோடு எழும்பி உள்ளே போனார். சுவரில் மாலையோடு தொங்கிய தன் படத்தைக் கண்டார். நான் பின்னாலேயே போனேன். இப்போதாவது திடுக்கிடுவார், கேட்பார், கத்துவார் என்று பார்த்தேன். அவர் கழுத்தைச் சரித்துப் பார்த்துவிட்டு, "இது சங்கானையில எடுத்த படமெல்லே" என்றார். அவ்வளவுதான்.

"ஏன் வந்தனீங்கள்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"பாதை திறந்திட்டாங்களெல்லே. ஒருக்கால் பாத்திட்டுப் போவம் எண்டு…"

ஏதோ பக்கத்து ஊர்த் திருவிழா பார்க்க வந்தவரைப்போலச் சொன்னார். நான் அடுத்ததைக் கேட்க வாயெடுக்க, மாமி வாசலில் தலையை நீட்டி, "என்ன, வசனம் பாடமாக்குறியளோ?" என்று கேட்டா.

அண்ணா வந்தான். அப்பாவின் முகத்தை நேராகப் பார்க்காமல், "வாசலில போய் நில்லுங்கோ. கதவு திறந்தவுடன ஒண்டும் கதைக்கவேண்டாம். சும்மா நில்லுங்கோ" என்றான். அப்பா சொன்னபடி போய் நின்றார். பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிற மனுசனாக அவரை நான் கண்டது அன்றைக்குத்தான்.

தங்கச்சி கதவைத் திறந்தாள். அவள் மெதுவாகத் திறக்கவில்லை, வழக்கம்போலத்தான் திறந்தாள். ஆளைக் கண்டாள். அண்ணா சொல்லிக்கொடுத்தபடி, "அப்பா" என்றாள். அப்பா சும்மா நிற்கவில்லை. ஓரடி முன்னால் வந்து அவளின் தலையில் கையை வைத்து, குனிந்து காதுக்குள் என்னவோ சொன்னார். தங்கச்சியின் முகம் மாறியது. அண்ணா நிற்பாட்டவில்லை. வெளியே உழவு மெஷின் ஒன்று போனது. அப்போதும் நிற்பாட்டவில்லை.

சனம் கைதட்டியது. மாமி மூக்கைத் துடைத்தா. "என்ன நடிப்பு! இதுதான் படம். மற்றதெல்லாம் ஒரே கதவு."

அம்மா குசினிக்குள் போய்விட்டா. அண்ணா பேசிவைத்த நாடகக்காரர் அன்று வரவே இல்லை. அப்பா கொண்டுவந்த பையை என்னிடம் தந்தார். உள்ளே முந்திரிகைப்பழமும் பிஸ்கற்றும். பின்னேர பஸ்ஸுக்குப் போகவேணும் என்றார். கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் கூடவே நடந்தேன். வாய்க்கால் வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. இதுதான் நேரம் என்று நினைத்தேன்.

"அப்பா" என்றேன். அந்தச் சொல் வாயில் மரத்துப்போய் இருந்தது. "ஏன் ஒரு சொல்லுச் சொல்லாமல்…"

பின்னால் சைக்கிள் மணி அடித்தது. மாமியின் மருமகன். "ஐயா, ஏறுங்கோ, நான் பஸ்ஸுக்கு விடுறன். நல்லா நடிச்சனீங்கள்" என்றான். அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. கரியரில் ஏறி உட்கார்ந்தார். "நெல்லு மில்லுக்குப் பின்னால கேட்டாச் சொல்லுவினம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சைக்கிள் போய்விட்டது. நான் வாய்க்கால் கரையில் நின்று ஒரு மண்ணாங்கட்டியை எடுத்துத் தண்ணீருக்குள் எறிந்தேன். இன்னொன்றையும் எறிந்தேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவளின் காதுக்குள், வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற அவளின் செல்லப்பெயரைச் சொல்லியிருந்தார்.

"அவர் ஆர்?" என்று கேட்டாள்.

அம்மா அரிசி களைந்துகொண்டே, "உன்ர கொப்பர்" என்றா. கையை நிறுத்தவில்லை.

தங்கச்சி அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தாள். "உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருசமும் படையல் வைக்கேக்க நான் அழுவன். நீ பக்கத்தில இருந்து என்ர கண்ணைத் துடைச்சனீ." அதோடு என்னோடு பேச்சை விட்டாள். பொய் சொன்னது அம்மா, படமெடுத்தது அண்ணா, ஓடிப்போனது அப்பா. பேச்சு நின்றது என்னோடு. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

பல வாரம் கழித்து அவளே வாய் திறந்தாள். "நான் வவுனியாவுக்குப் போகப்போறன். கூட வாறதெண்டா வா."

அம்மா மறிக்கவில்லை. விடியப் புறப்பட்டோம். கிளிநொச்சிக்கு ஒரு பஸ், பிறகு இன்னொன்று, இரண்டு பக்கச் சோதனைச் சாவடியிலும் இறங்கி வரிசையில் நின்று பைகளைத் திறந்து காட்டி, வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். நெல்லு மில்லுக்குப் பின்னால் கேட்க, ஒரு சின்னத் தகரவீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஒரு பெண் தையல் மெஷினில் இருந்தா. அம்மாவைவிட வயது குறைவு. மெலிந்த, களைத்த முகம். நான் மனதில் கீறி வைத்திருந்த ஆளுக்கும் அவாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"அவர் லொறியில அனுராதபுரம் போட்டார். நாளைக்குத்தான் வருவார். நீங்கள் ஆர்?" என்று கேட்டா.

அவ்வளவு தூரம் வந்தும் ஆள் இல்லை. "சொந்தக்காரர்" என்றேன்.

"அவருக்குச் சொந்தம் எண்டு ஒருத்தரும் இல்லையே. மனுசி பிள்ளையள் எல்லாரும் இடம்பெயரேக்க ஷெல் விழுந்து செத்திட்டினம். ஒரே நாளில. பாவம், அந்த மனுசன் அதைப் பற்றிக் கதைக்கவே மாட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாய் தன் பழக்கத்தை விடவில்லை. "ஓம், நாங்கள் அவற்ற ஒண்டுவிட்ட தமையன்ர பிள்ளையள்…" என்று தொடங்கிவிட்டேன். பழைய பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய். யாரும் கேட்காமலே.

தங்கச்சி என் கையைத் தட்டிவிட்டாள்.

"இல்லை. நாங்கள் அவற்ற மகள்மார். நாங்கள் சாகேல்ல."

அந்தப் பெண்ணின் கால் மெஷின் மிதியிலேயே இருந்தது. எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தா. பொய் என்று சொல்ல முடியாது, தங்கச்சிக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் தாடை. "அம்மா?" என்று கேட்டா.

"இருக்கிறா" என்றாள் தங்கச்சி. "அண்ணாவும் இருக்கிறார்."

அவா எழும்பி உள்ளே போனா. நாங்கள் போய்விடுவோமா என்று நான் யோசிக்க, உள்ளேயிருந்து பானை வைக்கிற சத்தம் கேட்டது. சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் தந்தா. வெளிக்கிடும்போது, "நாளைக்கு வரட்டும் அவர்" என்று மட்டும் சொன்னா. அந்தக் குரலில் இருந்ததைக் கேட்டபோது எனக்குள் ஒரு சின்னத் திருப்தி வந்தது. ஆனால் அதையும் பக்கத்தில் இருந்து பார்க்க வாய்க்காது. பாதை பூட்டுவதற்குள் சோதனைச் சாவடியைக் கடக்கவேணும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு முகம் சிவந்தது.

"என்னைச் சாகடிச்சுப் போட்டாரோ? என்னையோ? பிள்ளையளோட சேத்தோ?"

"அம்மா, நீங்களும்தானே…" என்று தொடங்கினேன்.

"அது வேறை!" என்று கத்தினா. வேறு என்ன என்று எனக்குச் சொல்லவே இல்லை.

அடுத்த நாள் காலை அம்மா தலை முழுகி, குங்குமப்பொட்டு வைத்து, ஒரு பச்சைச் சீலை உடுத்திக்கொண்டு வேலிக்குப் போனா. "எங்கட மனுசன் சாகேல்ல. வவுனியாவில வேறை ஒருத்தியோட இருக்கிறார். அண்டைக்குப் படத்துக்கு வந்தது அவர்தான்" என்று மாமியிடம் சொன்னா. வருடக்கணக்காக அடைத்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உள்ளே வந்து அடுப்பை மூட்டினா. எனக்கு நெஞ்சு லேசாகியது. முடிந்தது என்று நினைத்தேன்.

மத்தியானம் மாமி விபூதிச் சரையோடு வந்தா. என்னைத் தனியாகக் கூப்பிட்டா.

"கொம்மாவை ஒருக்கால் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும் பிள்ளை. எனக்கு அண்டைக்கே மனசில பட்டது. செத்தவரைப்போல ஆளைப் பிடிச்சு வீட்டுக்குள்ள கூப்பிட்டா, செத்தவர் வராமல் என்ன செய்வார்?"

"மாமி, அவர்தான் எங்கட அப்பா. உண்மையாத்தான்."

அவா என் கன்னத்தைத் தடவினா. "ஓம் பிள்ளை. உனக்கும் அப்பிடித்தான் தெரியும்."

"நாங்கள் வவுனியாவில போய்ப் பாத்தனாங்கள்!"

"ஆளைப் பாத்தனீங்களோ?"

ஆளைப் பார்க்கவில்லை. மாமி தலையை ஆட்டிவிட்டு என் நெற்றியிலும் விபூதி பூசினா.

ஒரு கிழமைக்குள் எங்கள் வீடு பேய்வீடாகிவிட்டது. பொழுது பட்டால் எங்கள் படலையைத் தாண்டிப் போகிறவர்கள் சைக்கிளை வேகமாக மிதித்தார்கள். அண்ணா படத்தை வெட்டி ஒட்டி முடித்து, சனசமூக நிலையத்தில் ரீவி வைத்துப் போட்டான். சனம் கதவுக் காட்சிகளுக்குக் கொட்டாவி விட்டது. அப்பா வந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. தாய்மார் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். அண்ணாவுக்கு மட்டும் அன்று முகம் கொள்ளாத சந்தோசம். அவன் கேட்ட பயம் இதுதானாம்.

தரகர் கடைசியாக ஒருமுறை வந்தார். கதிரையில் இருக்கவில்லை, முற்றத்திலேயே நின்றார். நான் வெளியே வந்து, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா உயிரோடு இருக்கிறார், விட்டுவிட்டுப் போனவர், அம்மா மறைத்தவா. விருப்பமென்றால் கட்டட்டும், இல்லையென்றால் விடட்டும் என்றேன்.

தரகர் சங்கடத்தோடு குடையை மடக்கினார். "அப்பிடி இருந்தாலும் பறவாயில்லை எண்டு சொல்லுற சனம்தான் பிள்ளை. உலகத்தில நடக்காததே? ஆனா பேய் இருக்கிற வீட்டில சம்பந்தம் வேண்டாமாம்."

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா வெளியிலிருந்து, "என்னவாம்?" என்று கேட்டா. இந்த வீட்டில் உண்மைக்கும் பொய்க்கும் நான் கொடுத்த உழைப்பு போதும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அடுத்த மாதம் தண்ணீரூற்றில் ஒரு முன்பள்ளிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, உடுப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். தங்கச்சி பஸ் வரைக்கும் வந்தாள். பஸ் வெளிக்கிடும்போது ஜன்னலைத் தட்டி, "வெள்ளிக்கிழமையில வா அக்கா" என்றாள். நீண்ட நாளுக்குப் பிறகு அவள் வாயில் அக்கா.

முன்பள்ளியில் பெரிய ரீச்சர் வயதான ஒரு முஸ்லிம் பெண். முன்பு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, இப்போது திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம்களில் ஒருவர். என்னைப் பற்றி விசாரித்தா. ஊர் எது, எது வரைக்கும் படித்தது என்று கேட்டுவிட்டு, "வாப்பா என்ன செய்யிறார்?" என்றா.

"வவுனியாவில இருக்கிறார். எங்களோட இல்லை" என்றேன்.

"சரி" என்றா. "பிள்ளையளுக்குக் கை கழுவுற தண்ணி அந்தப் பக்கம். வாளி கொஞ்சம் ஒழுகும், பாத்துத் தூக்கு."

நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.